வீட்டிலேயே ஒரு பி.எல்.சி. பயிற்சிப் பலகை

ஓசூர், சூளகிரி, தளி, வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் இன்று ஒரே குடும்பத்தில் இரண்டு தொழில்கள் நடைபெறுவதைப் பரவலாகக் காணலாம். தந்தை தக்காளி, முட்டைக்கோசு, கேழ்வரகு என்று பயிர் செய்கிறார். மகனோ மகளோ விடியற்காலையில் ஆலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கின்றனர். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980-இல் அசோக் லேலண்டு ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும் ஓசூரிலிருந்து புறப்பட்டது. 1984-இல் டிட்கோவும் டாட்டா குழுமமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கைக்கடிகார நிறுவனம் ஓசூரில் ஆலை அமைத்தது. 2021-இல் போச்சம்பள்ளியில் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

இத்தகைய ஆலைகளுக்குச் செல்லும் நம் கிராமத்து இளைஞர்களில் ஒரு சாரார், இயந்திரத்துக்குப் பொருள் எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்த வேலையிலேயே ஆண்டுக்கணக்கில் நின்று விடுகின்றனர். மற்றொரு சாரார், நின்றுபோன இயந்திரத்தை மீண்டும் ஓட வைக்கத் தெரிந்தவர்கள். இரு சாராருக்கும் ஐ.டி.ஐ. சான்றிதழோ டிப்ளமோவோ இருக்கலாம். வேறுபாடு பெரும்பாலும் ஒரு சிறு பெட்டியைக் கையாளத் தெரிவதில்தான் இருக்கிறது. அப்பெட்டியின் பெயர் பி.எல்.சி. அதனை வீட்டிலேயே, குறைந்த செலவில், ஒரு பலகையில் பொருத்திக் கற்றுக் கொள்ளும் முறையினை இக்கட்டுரையில் காண்போம்.

வேளாண்மை இதழில் இது எதற்கு என்ற ஐயம் எழலாம். தளி, பாகலூர், பேரிகைப் பகுதிகளில் ரோஜா பயிரிடும் பசுமைக்குடில்களுக்குச் சென்று பார்த்தவர்கள் இவ்வாறு கேட்க மாட்டார்கள். அங்கே உரநீர்ப் பாசனத்தை நடத்துவதும் இதே வகைப் பெட்டிதான். தென்னை நார்க்கழிவில் வளரும் செடிக்கு மண்ணில் வளரும் செடியைப் போல் ஈரச் சேமிப்புக் கிடையாது. சித்திரை வெயிலில் ஒரு நாள் நீர் தவறினால் மொட்டு தலை சாய்ந்து விடும். ஞாயிற்றுக்கிழமை பெட்டி நின்று போய், பெங்களூரிலிருந்து ஆள் வரும்வரை வாளியில் நீர் சுமந்த தோட்டங்கள் உண்டு. ஆலைக்குச் செல்லும் பிள்ளைக்கும் தோட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கும் பயன்படும் கல்வி இது ஒன்றே என்று கூடச் சொல்லலாம்.

பி.எல்.சி. பிறந்த கதை

1960-களில் மோட்டார் வாகன ஆலைகளில் இயந்திரங்களை இயக்கியவை ரிலேக்கள். சுவர் முழுவதும் அடைத்து நிற்கும் பெரிய பீரோக்களில் நூற்றுக்கணக்கான ரிலேக்களும் அவற்றை இணைக்கும் கம்பிகளும் இருக்கும். காரின் மாடல் மாறினால் அத்தனைக் கம்பிகளையும் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டும். 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு, கம்பியை மாற்றாமல் வேலையை மாற்றக் கூடிய கருவி வேண்டும் என்று கேட்டது. டிக் மார்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மோடிகான் 084 என்ற கருவியைச் செய்து கொடுத்தனர். அது அவர்களுடைய 84-ஆவது வேலை. ஆகவே அந்த எண்ணே பெயரோடு ஒட்டிக் கொண்டது.

இதில் கவனத்திற்குரியது ஒன்று. ஆலை எலக்ட்ரீஷியன்கள் கணிப்பொறி மொழி படித்தவர்கள் அல்லர். ஆகவே அவர்களுக்குப் பழக்கமான ரிலே இணைப்புப் படத்தையே கருவியின் மொழியாக வைத்தனர். இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, வலப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, நடுவே படிகள். ஏணி போலத் தோன்றுவதால் அதற்கு லேடர் என்று பெயர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, ஆலையில் ஆங்கிலக் கையேட்டைப் புரட்டும் இந்த எல்லைப்புறத்து இளைஞருக்கு, மொழி படமாக இருப்பது பெரும் வசதியாகும். 1993-இல் வெளியான உலகத் தரநிலையில் ஏணிப்படத்தோடு வேறு நான்கு மொழிகளும் சேர்க்கப்பட்டன. தொடக்கத்தில் ஏணிப்படம் ஒன்றே போதும்.

கருவி வேலை செய்யும் விதமும் எளிதே. ஏரி நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் முதலில் எல்லா வயல்களையும் ஒரு சுற்றுப் பார்த்து வருகிறார். பின்பு எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்று முறைப்படி தீர்மானிக்கிறார். அதன் பின் திறக்கிறார், அடைக்கிறார். மீண்டும் சுற்றக் கிளம்புகிறார். பி.எல்.சி.யும் அவ்வாறே. உள்ளீடுகளைப் படிக்கும், நிரலை மேலிருந்து கீழாகக் கணக்கிடும், வெளியீடுகளை மாற்றும். இச்சுற்றுக்குச் சில மில்லி விநாடிகளே ஆகும். இரு சுற்றுக்கு இடையில் வந்து போனது அதன் கண்ணில் படாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இதனைச் சோதித்துப் பார்க்கும் வழி பின்னர் வருகிறது.

கிணற்று ஸ்டார்ட்டரே முதல் பாடம்

நம் விவசாயிகள் பலர் வீட்டில் ஓர் ஏணிப்படம் ஏற்கெனவே இருக்கிறது. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் கான்டாக்டர் இழுத்துக் கொள்கிறது. விரலை எடுத்த பின்னும் மோட்டார் ஓடுகிறதே, எப்படி? கான்டாக்டர் இழுக்கும்போது அதன் பக்கத்திலுள்ள சிறு துணைத் தொடுப்பு ஒன்று மூடிக் கொண்டு, பச்சைப் பொத்தானுக்கு இணையாக வேறு வழியில் மின்சாரத்தைக் கொடுக்கிறது. தன்னைத் தானே பிடித்துக் கொள்ளும் இத்தொடுப்பைப் பிடிதொடுப்பு என்று கொள்ளலாம். சிவப்புப் பொத்தானும் ஓவர்லோடு ரிலேயும் அதே வழியில் தொடராக நிற்கின்றன. இரண்டில் எது திறந்தாலும் பிடி விட்டுப் போகிறது. மின்சாரம் போய்த் திரும்பினாலும் மோட்டார் தானாக ஓடாது. பிடி விட்டுப் போயிற்று அல்லவா! இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் தெரியாமல் தவித்தவர்கள் ஆட்டோ சுவிட்சு வாங்கி மாட்டியதன் காரணம் இதுவே.

இந்த ஒரு படியைப் புரிந்து கொண்டவர் பி.எல்.சி.யின் பாதியைப் புரிந்து கொண்டவர் ஆவார். இது மிகையன்று. ஆலையில் ஓடும் பெரும் நிரல்களைத் திறந்து பார்த்தாலும் படிக்குப் படி இதே வடிவம்தான் வெவ்வேறு பெயரில் வருகிறது.

பலகைக்கு வேண்டியவை

மூன்றடிக்கு இரண்டடி அளவுள்ள பிளைவுட் பலகை ஒன்று தேவை. அதன்மேல் 35 மில்லிமீட்டர் டின் ரெயில் இரண்டு வரிசையும், கம்பிகள் செல்ல மூடியுள்ள பிளாஸ்டிக் கால்வாயும் பொருத்த வேண்டும். 230 வோல்ட் வரும் இடத்தில் இருமுனை எம்.சி.பி. ஒன்றும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தல் வேண்டும். அடுத்து 24 வோல்ட் நேர்மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, 5 ஆம்பியர் திறன் போதுமானது. பச்சைப் பொத்தான் இரண்டு, சிவப்புப் பொத்தான் ஒன்று, அழுத்தினால் பூட்டிக் கொள்ளும் காளான் வடிவ அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று, இருநிலைத் திருப்பு சுவிட்சு ஒன்று, 24 வோல்ட் விளக்குகள் ஆறு, 24 வோல்ட் ரிலேக்கள் அடித்தளத்தோடு மூன்று அல்லது நான்கு, மிதவை சுவிட்சு மூன்று, இரும்பை உணரும் சென்சார் ஒன்று, 24 வோல்ட் சிறு நீர்ப் பம்பு ஒன்று, பிளாஸ்டிக் வாளி இரண்டு. கம்பி முனைகளுக்கு ஃபெருல் போட்டு, எண் எழுதி, டெர்மினல் வழியாகவே இணைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கத்தை இப்பலகையில் நுழைய விடாதீர்கள். ஆலையில் ஒருவருடைய வேலைத்தரத்தை முதலில் அளப்பது அவர் கம்பி கட்டும் ஒழுங்கை வைத்துத்தான்.

எந்த நிறுவனத்தின் பி.எல்.சி. வாங்குவது என்ற கேள்விக்குப் பலரும் பல விதமாகச் சொல்வார்கள். சீமென்ஸ், மிட்சுபிஷி, ஆலன் பிராட்லி, டெல்ட்டா ஆகியவை ஆலைகளில் காணப்படுபவை. ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றுக்கு மாறச் சில வாரங்கள் போதும். ஆகவே முதற்கருவியை விலையும் மென்பொருளும் பார்த்தே வாங்கலாம். டெல்ட்டாவின் சிறு மாடல்களில் ஒன்றான டி.வி.பி. 14 எஸ்.எஸ்.2 என்பதில் 8 உள்ளீடுகளும் 6 வெளியீடுகளும் உள்ளன. 24 வோல்ட்டில் ஓடுகிறது. நிரல் எழுதும் மென்பொருளைக் கட்டணமின்றிப் பெறலாம். இந்நிறுவனத்துக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலையும் உண்டு. வாங்கும்போது ரிலே வெளியீடு உள்ள மாடலையே கேட்டு வாங்குக. பழகுபவருக்கு அதுவே எளிது.

இவ்வளவும் செலவு செய்ய இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால் மென்பொருளில் உள்ள மாதிரி இயக்கத்திலேயே முதல் மாதத்தைக் கழிக்கலாம். ஓப்பன் பி.எல்.சி. என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஆர்டுயினோ போன்ற மலிவான பலகையைக் கூடப் பி.எல்.சி.யாக நடத்தலாம். ஆனால் அவ்வகைப் பலகைகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. 24 வோல்ட் சென்சாரை நேராக இணைத்தால் அந்நொடியே கருகி விடும்.

பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் ஆலைகளிலிருந்து கழித்த பழைய பி.எல்.சி.கள் கிடைக்கின்றன. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான் என்பதால் நம்மவர் பலர் அங்கே செல்கின்றனர். மலிவைக் கண்டு மயங்கலாகாது. அக்கருவிக்கு உரிய கேபிள் இன்று கிடைக்கிறதா, மென்பொருள் இன்றைய கணிப்பொறியில் ஓடுமா, உள்ளே கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டறிந்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். உற்பத்தி நின்று போன மாடலை வாங்கி, அதற்குக் கேபிள் தேடுவதிலேயே அடுத்த சந்தை வரை அலைந்தவர்கள் இருக்கிறார்கள். பொத்தான், விளக்கு, ரிலே போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் குற்றமில்லை.

மின்சாரத்தில் எச்சரிக்கை

பலகையின் ஒரு மூலையில் மட்டும் 230 வோல்ட் இருக்க வேண்டும். அது எஸ்.எம்.பி.எஸ். பெட்டியோடு முடிந்து விட வேண்டும். அம்மூலையை விரல் படாதவாறு மூடிவிடுதல் அவசியம். எர்த் கம்பி இல்லாத வீட்டில் இப்பலகையை வைக்காதீர்கள். முதலில் எர்த் போடுங்கள். மற்ற எல்லா வேலைகளும் 24 வோல்ட்டிலேயே நடக்கும் என்பதால் பள்ளிப் பிள்ளைகளும் அருகில் நின்று பழகலாம்.

பழகிய பின் இப்பலகையைக் கிணற்று மோட்டாரோடு இணைத்துப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. அதனைச் செய்யக் கூடாது. மும்முனை மின்சாரம் 415 வோல்ட். அது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை.

24 வோல்ட் பக்கத்திலும் ஃபியூஸ் ஒன்று வையுங்கள். பம்பையும் வால்வையும் பி.எல்.சி.யின் வெளியீட்டில் நேராக மாட்டாமல் நடுவில் தனி ரிலே வைத்து ஓட்டுங்கள். பி.எல்.சி.யின் உள்ளிருக்கும் ரிலே பற்றவைக்கப்பட்டது. கருகினால் பெட்டியையே திறக்க வேண்டும். வெளி ரிலேயைக் கழற்றி வேறொன்றைச் செருகுவது எளிது. நேர்மின் ரிலே, பம்பு ஆகியவற்றின் இரு முனைகளுக்கு இடையே ஒரு டயோடைத் தலைகீழாக இணைத்து விட்டால், நிறுத்தும்போது எழும் மின் உதையை அது விழுங்கிக் கொள்ளும்.

அவசர நிறுத்தப் பொத்தான், வெளியீட்டு ரிலேக்களுக்குச் செல்லும் 24 வோல்ட்டையே நேராக வெட்ட வேண்டும். நிரலில் ஒரு படி எழுதி நிறுத்திக் கொள்ளலாம் என்று விடுவது தவறு. நிரலில் பிழை இருக்கும் நாளில்தான் அப்பொத்தான் தேவைப்படும்.

முதற்பயிற்சி

முதற்பயிற்சியாகக் கிணற்று ஸ்டார்ட்டரையே பலகையில் செய்க. பச்சைப் பொத்தானை எக்ஸ் 0 என்ற உள்ளீட்டிலும், சிவப்புப் பொத்தானை எக்ஸ் 1 என்ற உள்ளீட்டிலும், மோட்டாருக்குப் பதிலாக ஒரு விளக்கை ஒய் 0 என்ற வெளியீட்டிலும் இணைக்க வேண்டும். ஏணியில் ஒரே படி. எக்ஸ் 0 தொடுப்புக்கு இணையாக ஒய் 0 தொடுப்பு. அதன்பின் தொடராக எக்ஸ் 1. முடிவில் ஒய் 0 சுருள்.

இங்கே புதியவர் தவறாமல் தடுமாறும் இடம் ஒன்று உள்ளது. சிவப்புப் பொத்தான் சாதாரண நிலையில் மூடிய வகை. அழுத்தாதபோது அதன் வழியே மின்சாரம் வந்து கொண்டே இருக்கும். ஆகவே எக்ஸ் 1 எப்போதும் எரிந்து கொண்டிருக்கும். நிரலில் அதனைத் திறந்த தொடுப்பாகவே வரைய வேண்டும். பொத்தான்தான் மூடிய வகையாயிற்றே என்று நிரலிலும் மூடிய தொடுப்பாக வரைந்தால் விளக்கு எரியவே எரியாது.

நிறுத்தும் பொத்தானுக்கும் திறந்த வகையையே வைத்தால் எளிதாயிற்றே என்று கேட்கலாம். ஓர் இரவு எலி அக்கம்பியைக் கடித்து விட்டது என்று கொள்ளுங்கள். திறந்த வகையாக இருந்தால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. மூடிய வகையாக இருந்தால் கம்பி அறுந்த அந்நொடியே மோட்டார் நின்று விடும். கம்பி அறுந்தால் ஆபத்து இல்லாத பக்கமே சாய வேண்டும் என்பது ஆலைக் கட்டுப்பாட்டின் அடிப்படை விதி. நேர்முகத் தேர்வுகளில் கேட்கத்தக்க கேள்வியும் இதுதான். பலகையில் எக்ஸ் 1 கம்பியைக் கையால் கழற்றி இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவர் இதற்குப் பதில் தேட வேண்டியதில்லை.

நீர்த்தொட்டிப் பயிற்சி

இனி வாளிகளுக்கு வருவோம். கீழ் வாளி கிணறு. மேல் வாளி மேல்நிலைத் தொட்டி. மேல் வாளியில் இரண்டு மிதவைகள், கீழ் வாளியில் ஒன்று. மேல் வாளியின் அடிமிதவை, நீர் அதற்குக் கீழே இறங்கினால் மூடிக் கொள்ள வேண்டும். மேல்மிதவை, தொட்டி நிரம்பும்வரை மூடியிருந்து நிரம்பியதும் திறக்க வேண்டும். கீழ் வாளி மிதவை, நீர் உள்ளவரை மூடியிருக்க வேண்டும்.

இப்போது நிரலை வரையுங்கள். அடிமிதவை பச்சைப் பொத்தானின் இடத்தில் வந்து நிற்கும். மேல்மிதவை சிவப்புப் பொத்தானின் இடத்தில். கிணற்று மிதவை ஓவர்லோடு ரிலேயின் இடத்தில். பழைய படியேதான், பெயர்கள் மட்டும் மாறியுள்ளன. எந்த மிதவையின் கம்பி அறுந்தாலும் பம்பு புதிதாகக் கிளம்பாது. மேல்மிதவை, கிணற்று மிதவை இவற்றின் கம்பி அறுந்தால் ஓடும் பம்பும் நின்று விடும். தொட்டி வழிவதோ, நீரின்றிப் பம்பு ஓடிக் கருகுவதோ இல்லை.

இதனோடு ஒரு நேரக் கணக்கைச் சேர்த்துக் கொள்ளுங்கள். ஆயிரம் அடியைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இப்பகுதியில் புதிதல்ல. அவற்றில் நீர் வற்றி மோட்டார் நின்றால் ஊற்று ஊற அவகாசம் தர வேண்டும். நின்றபின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் கிளம்புமாறு டைமர் வையுங்கள். பலகையில் 30 விநாடி போதும். காத்திருந்து சலிப்படைய வேண்டாம். மேற்சொன்ன டெல்ட்டா மாடலில் சாதாரண டைமருக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு அலகு. ஆகவே 30 விநாடிக்கு 300 என்று எழுத வேண்டும்.

உரநீர்ப் பாசனப் பயிற்சி

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான். என் துறைப் பற்று என்றே வைத்துக் கொள்ளலாம். நான்கு விளக்குகளை நான்கு வால்வுகளாகவும், ஐந்தாவதை உரம் செலுத்தும் பம்பாகவும், ஆறாவதை நீர்ப் பம்பாகவும் கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் உரிய நேரத்தை நான்காகப் பகுத்து, முதற்கால் பங்கு வெறும் நீர், நடுவில் பாதி நேரம் உரநீர், கடைசிக் கால் பங்கு மீண்டும் வெறும் நீர் என்று விடுவது நாம் பரிந்துரைக்கும் முறை. முதல் நீர் வேர்ப்பகுதியை நனைக்கிறது. கடைசி நீர் குழாய்களையும் சொட்டுவான்களையும் கழுவி விடுகிறது. கடைசி நீரை மிச்சம் பிடிக்கும் தோட்டங்களில் சொட்டுவான்கள் உப்பு அடைத்து நிற்பதைக் காணலாம்.

நிரலில் இரண்டு நிபந்தனைகள் கட்டாயம் வேண்டும். நீர்ப் பம்பு ஓடாதபோது உரப் பம்பு எக்காரணம் கொண்டும் ஓடக் கூடாது. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு மாறும்போது, அடுத்ததைத் திறந்து சில விநாடிகள் கழித்தே முந்தையதை மூட வேண்டும். இரண்டும் மூடிய நிலையில் பம்பு ஓடினால் அழுத்தம் ஏறிக் குழாய் இணைப்பு பிடுங்கிக் கொள்ளும். ஆலையில் ஒரு பெல்ட்டிலிருந்து மறு பெல்ட்டுக்குப் பொருளை மாற்றுவதும், அழுத்தக் காற்று வால்வுகளை வரிசையாக இயக்குவதும் இதே கணக்கே.

உண்மையான பாசன வால்வு ஒன்றை வாங்கி மாட்ட விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தையில் உள்ள பாசனச் சோலனாய்டு வால்வுகளில் பெரும்பாலானவை 24 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு உரியவை. நம் பலகையில் இருப்பது 24 வோல்ட் நேர்மின்சாரம். எண் ஒன்றாக இருப்பதால் ஏமாந்து இணைத்தால் சுருள் சூடேறிக் கருகும். நேர்மின் சுருள் உள்ளதைக் கேட்டு வாங்குக.

எண்ணும் பயிற்சி

பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றைப் பலகையருகே நிறுத்தி, ஆரக்கம்பிகளுக்குச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரும்புச் சென்சாரை வையுங்கள். சென்சாரின் பழுப்புக் கம்பி 24 வோல்ட்டுக்கும், நீலக் கம்பி சுழிக்கும், கறுப்புக் கம்பி உள்ளீட்டுக்கும் செல்லும். பி.என்.பி. வகையானால் பி.எல்.சி.யின் உள்ளீட்டுப் பொதுமுனையைச் சுழியோடும், என்.பி.என். வகையானால் 24 வோல்ட்டோடும் இணைக்க வேண்டும். இது மாறினால் சென்சாரில் விளக்கு எரியும், பி.எல்.சி.யில் எரியாது.

சக்கரத்தை மெல்லச் சுழற்றினால் எண்ணிக்கை சரியாக இருக்கும். வேகமாகச் சுழற்றுங்கள், ஆரங்கள் விடுபடும். நீர்க்கட்டி சுற்றி வருவதற்குள் மடை திறந்து மூடி விட்டது! பி.எல்.சி.யின் சுற்று நேரமும், உள்ளீட்டுக்கு உள்ளே உள்ள வடிகட்டும் நேரமும் எவ்வளவு என்பதை எந்தப் புத்தகத்தையும் விட இச்சக்கரம் நன்கு விளக்கும். விரைந்து எண்ணும் தனிக் கவுன்டர் எதற்கு என்பதும் அப்போது தானாகவே விளங்கும்.

பழுது வைத்துப் பழகுதல்

இதுவரை சொன்ன நிரல்களை மாதிரி இயக்கத்திலும் எழுதிப் பார்த்து விடலாம். பிறகு பலகை எதற்கு? இப்பகுதிக்காகத்தான். ஆலையில் பராமரிப்பு ஆளுக்குப் புது நிரல் எழுதும் வேலை அரிதாகவே வரும். இரவு ஷிப்டில், மேற்பார்வையாளர் பின்னால் நிற்க, நின்றுபோன இயந்திரத்தில் எது பழுது என்று கண்டுபிடிப்பதே அவர் வேலை. கணிப்பொறித் திரையில் கம்பி தளர்வதில்லை, ஃபியூஸ் போவதில்லை, மிதவையில் பாசி பிடிப்பதில்லை.

ஆகவே பலகை சரியாக ஓடத் தொடங்கியதும், வீட்டில் உள்ள ஒருவரை அழைத்து, நீங்கள் இல்லாத நேரத்தில் ஏதேனும் ஒரு பழுதை வைக்கச் சொல்லுங்கள். ஒரு கம்பியைக் கழற்றலாம். ஃபியூசை எடுத்து விடலாம். ரிலேயை அரைகுறையாகச் செருகலாம். மிதவையை நூலால் கட்டி விடலாம். தங்கை தம்பிகள் இதில் மிகுந்த ஆர்வம் காட்டுவார்கள். நீங்கள் வந்து மல்டிமீட்டரோடு தேட வேண்டும்.

தேடுவதற்கு முறை உண்டு. கண்டபடி கம்பியை இழுத்துப் பார்ப்பவர் ஒரு பழுதை மூன்றாக்குவார். முதலில் பி.எல்.சி.யின் விளக்குகளைப் பாருங்கள். பம்பு ஓடவில்லை, ஒய் 0 விளக்கு எரிகிறதா? எரிந்தால் நிரலும் உள்ளீடுகளும் சரி. பழுது அதற்கு அப்பால், ரிலேயிலோ ஃபியூசிலோ பம்பிலோ இருக்கிறது. எரியவில்லையானால் உள்ளீட்டு விளக்குகளைப் பாருங்கள். மூன்று மிதவைகளில் எந்த உள்ளீடு எரிய வேண்டியிருந்தும் எரியவில்லை? அம்மிதவைக்குச் சென்று பாருங்கள். அங்கே தொடுப்பு மூடியிருந்தால் இடையில் உள்ள கம்பியில் குறை. இவ்வாறு ஒவ்வொரு கேள்வியிலும் பாதி இடம் விலக்கப்படுகிறது. ஐந்தாறு கேள்விகளில் பழுது கையில் அகப்படும். கண்டுபிடிக்க ஆன நேரத்தையும், பார்த்த வரிசையையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வாருங்கள். நூறு பழுதுகள் எழுதிய நோட்டைக் கையில் வைத்திருக்கும் இளைஞர், நேர்முகத் தேர்வில் சான்றிதழை மட்டும் நீட்டுபவரினும் ஒரு படி மேலே நிற்பார் என்பதே என் கருத்து.

பயிற்சி நிலையங்களைப் பற்றி

பலகை வைத்திருப்பதால் முறையான பயிற்சி வேண்டாம் என்பதில்லை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டம் டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நிறைவேற்றப்பட்டு, 2023-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய மையங்களில் உள்ள கருவிகள் வீட்டில் வாங்கத் தக்கவை அல்ல. உங்களுக்கு அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று நேரில் சென்று விசாரியுங்கள். வீட்டில் மூன்று மாதம் பலகையில் பழகியவர் அங்கே சென்றால், மற்றவர் பொத்தானைத் தேடிக் கொண்டிருக்கும்போது இவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பார். தனியார் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், ஒரு கருவிக்கு எத்தனை மாணவர், எத்தனை மணி நேரம் கையில் கிடைக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்து கொள்க. இருபது பேர் சுற்றி நின்று ஒருவர் தொடுவதைப் பார்ப்பது பயிற்சி ஆகாது.

பராமரிப்பு

பலகையைத் தரையில் சாய்த்து வைக்காமல் சுவரில் நான்கடி உயரத்தில் மாட்ட வேண்டும். வாளிகள் எப்போதும் பலகைக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கட்டும், மேலே வேண்டாம். பம்பு வயர்களில் சொட்டும் நீர் பலகைக்கு வராதபடி, வயரை ஒரு வளைவு கீழே தொங்க விட்டு மேலேற்றுங்கள். உரச் சாக்கு, பூச்சிமருந்து வைக்கும் அறையில் இப்பலகையை வைத்தால் செம்பு முனைகள் பச்சை பூத்து விடும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் குடியேறுவது நாம் அறிந்ததே. ரிலேக்களுக்குள்ளும் அவை வரும். இரவில் மின்சாரத்தை நிறுத்தி, துணி போட்டு மூடி வையுங்கள். மாதம் ஒருமுறை டெர்மினல் திருகுகளை எல்லாம் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த திருகு எது என்று கண்டால் அதனையும் அந்தப் பழுது நோட்டில் ஏற்றி விடுங்கள்.